ஓரம் வெட்டிய படம்

அம்புக்குறி மறுபடியும் காணாமல் போயிற்று. செண்பகவல்லி மவுஸை மேசைமேல் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். டிவியின் இடது ஓரத்தைத் தாண்டிச் சுவருக்குள் போய் ஒளிந்துகொண்டதோ என்னவோ, சற்று நேரம் கண்ணாமூச்சி காட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி மேலே ஒரு மூலையில் தலைகாட்டியது. படம் டிவியைவிடப் பெரிதாக இருக்கிறது, அதுதான் விஷயம். கீழே மணி காட்டும் பட்டை பாதிக்குமேல் தெரியவில்லை, இடது பக்கத்துப் பெயர்களெல்லாம் முதல் எழுத்தைப் பறிகொடுத்து நிற்கின்றன. லேப்டாப்பிலேயே பார்த்துவிடலாம் என்றால் அதன் திரை போன வருஷமே கண்ணை மூடிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லைம்மா, டிவியில ஒரு கேபிளைப் போட்டாப் போதும் என்று சொல்லி மகன் அகிலன் அதை இங்கே தள்ளிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட்டான். பெரிய பொறுப்பையெல்லாம் சின்னச் சாமான் மாதிரி அடுத்தவர் மடியில் வைத்துவிட்டு நழுவுகிற குணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது, அவன் அப்பாவிடமிருந்துதான். அந்த அப்பா, குமரகுரு, இப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்காக நிற்கிறார். அதில் அவருடைய அக்கா நவமணி வருகிறார். செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே மனுஷர் சொல்லிவிட்டுப் போன வார்த்தைகள் இன்னும் வாசற்படியிலேயே கிடக்கின்றன. "அக்கா இனிமே அங்க தனியா கிடக்க வேண்டாம்னு எனக்குத் தோணுது. ஆனா வீட்டுல கூட இருக்கப்போறவ நீ. ரெண்டு நாள் இருப்பாங்க, அதுக்குள்ள யோசிச்சுச் சொல்லு. வேண்டாம்னா நான் அந்தப் பேச்சையே எடுக்கல." எடுக்க மாட்டார்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் மாட்டார், சொன்னால் சொன்னது. அதனால்தான் கனம் முழுக்க இவள் தலையில். கத்தினால் திருப்பிக் கத்திவிடலாம், நீ சொல்றதுதான் என்கிற ஆளிடம் என்ன செய்வது.

அண்ணி என்றுதான் கூப்பிடுவாள், கணவரின் அக்காவை வேறெப்படிக் கூப்பிடுவது. அந்த அண்ணி இத்தனை வருஷத்தில் எதையும் கேட்டதில்லை. ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தானே போய் மோந்து குடிக்கிற ஜாதி. போன வாரம் போனில் கேட்டார், அதுவும் ரொம்ப நேரம் மழையைப் பற்றியும் அவரைக்காய் விலையைப் பற்றியும் பேசிவிட்டு, வைக்கப்போகிற நேரத்தில்: உங்க கல்யாண கேசட்டுல அவரு நடந்து வருவாருல்ல, அது இன்னும் இருக்கா. அவரு என்றால் அண்ணியின் கணவர், சிதம்பரநாதன் அண்ணன், ஐப்பசியில் போய்ச் சேர்ந்தவர். அண்ணனுக்குப் போட்டோ உண்டு, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, ஆனால் போட்டோவில் எங்கே நடக்கிறார். சிறுமலைப் பழத் தாரை மொபெட்டின் முன்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, இரண்டு காலையும் அகட்டி, பழத்துக்கு வழிவிட்டுத் தான் ஓரமாக உட்கார்ந்து வருவாரே அந்த மனுஷர், கேட்டைத் திறக்கும் முன்பே தன் வேடிக்கைப் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு வருவாரே, அதெல்லாம் எங்கே இருக்கிறது. இருக்குது அண்ணி, வாங்க, போட்டுக் காட்டுறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். சொன்னபோது தன் குரல் எவ்வளவு நன்றாக இருந்தது என்று இவளுக்கே ஆச்சரியம். கிறிஸ்துமஸ் லீவில் அகிலன்தான் கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்தான், யாரும் இன்னும் பார்க்கவில்லை. பார்க்க இவளுக்கு ஆசையில்லை என்பதுதான் நிஜம். கல்யாண கேசட்டைப் பார்க்க ஆசைப்படாத பெண் உண்டா என்றால், இருக்கிறாள், ரிமோட்டும் கையுமாக இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ரிமோட்டில் பல்சக்கரம் போட்ட ஒரு பொத்தான். அதற்குள் பிக்சர், பிக்சருக்குள் மோடு, மோடுக்குள் டைனமிக், ஸ்டாண்டர்ட், மூவி. ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு. அகிலனுக்குப் போன் போட்டபோது மீட்டிங்கில் இருந்தான், கோவிலுக்குள் பேசுகிற குரலில், டிவிதாம்மா படத்தை இழுத்துப் பெருசாக்குது, லேப்டாப்புல கை வைக்காதீங்க, டிவியில பிக்சர் சைஸ் எங்க இருக்குன்னு தேடுங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். தேடலாம். எந்திரம் என்றால் இவளுக்கு ஒன்றும் பயமில்லை. தொலைபேசி நிலையத்தில் டிரங்க் போர்டு முன்னால் எத்தனை வருஷம், காதில் ஹெட்போன், கையில் இரண்டிரண்டாகக் கயிறுகள், விளக்கு மினுங்குகிற துளையில் ஒன்றைச் செருகு, கேட்ட ஊருக்கு இன்னொன்றைச் செருகு. பெரியகுளம் பேசுங்க, கொடைக்கானல் பேசுங்க. அந்த அறையின் வாசனைகூட இப்போது வருகிறது, சூடேறிய ரப்பரும் மல்லிகையும் யாரோ பிரித்த தயிர்சாத டப்பாவும். மழை நாளில் லைனில் ஊரே இரையும். முகம் தெரியாத ஊர் முழுக்க இவளுக்குப் பழக்கம். குரலைக் கேட்டால் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன் என்று ஜம்பம் அடித்துக்கொள்வாள், பாதி நேரம் சரியாகவும் இருக்கும். லைன் கொடுத்ததும் விலகிவிட வேண்டும், ஒட்டுக்கேட்கக் கூடாது, அதுதான் சட்டம். ஆனால் போர்டுச் சாவியைத் தள்ளி விலகுவதற்குள் ஒரு பக்கத்துப் பேச்சு ஒரு வாக்கியமாவது காதில் விழுந்தே தீரும். நான் வரமாட்டேன்னு சொல்லிரு. அவ்வளவுதான், அந்தப் பக்கம் யார் என்ன கேட்டார்கள் என்று தெரியாது. டீ நேரத்தில் மிச்சத்தைப் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து இட்டுக்கட்டுவார்கள், அழுகிற மாதிரி ஒருத்தி, சிரிக்கிற மாதிரி ஒருத்தி, எப்போதும் செண்பகவல்லி கட்டுகிற கதைதான் நன்றாக இருக்கும். அந்தப் பெண்களெல்லாம் எங்கே போனார்கள், அந்தப் போர்டு எங்கே போயிற்று, பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

டைனமிக்கில் இருந்ததை ஸ்டாண்டர்டுக்கு மாற்றிவிட்டுப் படத்தை ஓடவிட்டாள். நாயனம் வந்ததும் சத்தத்தைக் குறைத்தாள். சாமி படம், பூவுக்குள் இவள் முகம், இதயத்துக்குள் குமரகுருவின் மீசை. வீடியோக்காரர் தன் திறமையை எல்லாம் காட்டியிருக்கிறார். அரக்கு முகூர்த்தப் புடவை டிவியில் ஆரஞ்சாகத் தெரிகிறது. கலரைக் குறைத்தாள், எல்லோரும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர்கள் மாதிரி ஆனார்கள்; கூட்டினாள், ஐயர் தக்காளியாகிவிட்டார். புடவை பீரோவில்தான் இருக்கிறது, எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், வேண்டாம், எதற்கு. மேடையில் உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. எவ்வளவு கழுத்து அவளுக்கு, எவ்வளவு முடி. அவளுக்கு மேலே, சட்டத்தின் உச்சியில், தலையில்லாத ஒரு பச்சைப் புடவை நிற்கிறது. அப்போதும் இப்படித்தான் இருந்தது. கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேசட் போடுகிற டெக்கை வாடகைக்கு எடுத்து, பக்கத்து வீட்டு ரோசலின் டீச்சர் வீட்டு டிவியில் போட்டார்கள். டீச்சர் எல்லோருக்கும் ரஸ்னா கலந்து வைத்திருந்தார், கதவை மறைத்துக்கொண்டு தெருவே நின்றது. அந்த டிவியில் எந்தப் படமும் கொஞ்சம் பெரிசாகத்தான் விழும், செய்தி வாசிப்பவருக்கே உச்சந்தலை இருக்காது. ஓரத்தில் நிற்பவர்கள் யாரும் வரமாட்டார்கள். அதிலும் அந்தப் பச்சைப் புடவைக்குத் தலை இல்லை, மோவாயோடு சரி. கைகள் மட்டும் தெரிந்தன. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கையை எடுக்க, பின்னாலிருந்து நாத்தனார் கைகள் வந்து மஞ்சள் சரட்டை வாங்கி மற்ற இரண்டு முடிச்சையும் போடுகின்றன. போடும்போது ஒரு இழுப்பு. உட்கார்ந்திருக்கிற பெண்ணின் தலை வெடுக்கென்று பின்னால் போகிறது. அதைப் பார்த்துத் தெருவே சிரித்தது, நாத்தனார் இப்பவே கடிவாளத்தைப் பிடிச்சுட்டாங்க என்று யாரோ சொன்னார்கள், இவளும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்ய முடியும். அப்புறம் அந்தக் கேசட்டைப் பார்க்கவில்லை, கொஞ்ச நாளில் டெக்கெல்லாம் ஊரைவிட்டே போய்விட்டது.

கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போயிற்று. சரடு போய்ச் சங்கிலி வந்து எவ்வளவோ காலம், அந்த இழுப்பு மட்டும் அங்கேயே இருக்கிறது, பிடரியில், முடி இரண்டு சிக்கிச் சுளீரென்ற இடத்தில். ஏன் என்றால் அன்றைக்கு விடியற்காலையில் இவள் காதில் ஒன்று விழுந்திருந்தது. மண்டபத்தின் மணப்பெண் அறையில் ஜடை பின்னிக்கொண்டிருந்தார்கள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார். அங்கிருந்து அந்தக் குரல், நவமணி அண்ணியின் குரல், தெள்ளத் தெளிவாக: நான் முடிச்சுப் போடல, வேற யாரையாச்சும் போடச் சொல்லுங்க. அதற்குள் நாயனக்காரர் சீவாளியை ஊதிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், மிச்சம் கேட்கவில்லை. மிச்சம் எதற்கு. குரலைக் கேட்டால் ஆளைச் சொல்கிறவளுக்கு அது போதும். என்னைப் பிடிக்கவில்லை, தம்பிக்கு வேறு இடம் பார்த்திருப்பார்கள், யாரோ வற்புறுத்தி மேடையேற்றியிருக்கிறார்கள், வந்த ஆத்திரத்தை என் கழுத்தில் காட்டினார்கள். அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்க வேண்டியதுதானே. பேசுறதுக்குச் சம்பளம் வாங்குறவ என்று ஒரு முறை சொன்னாரே, கேலிதான், ஆனால் ஏன் சொன்னார். வளைகாப்புக்கு வரவில்லை. அகிலன் பிறந்து தொட்டில் போட்ட அன்று வந்தவர், ஒரு வெள்ளிக் கிண்ணத்தை நீட்டிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்; அண்ணன்தான் பிள்ளையை விட மனமில்லாமல் வாசல்வரை தோளில் போட்டுக்கொண்டு போய், திரும்ப வந்து, இன்னொரு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். அவரோடு என்றால் இருந்துவிடலாம். அவர் போய்விட்டார், இவர் வருகிறார். அந்தச் சின்ன அறையில், ஜன்னலோரம், ஒரு ட்ரங்குப் பெட்டி. காலையில் எழுந்தால் அந்த முகம். காபியில் சர்க்கரை கூடிப்போனால் சொல்லவும் மாட்டார், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுவார், அந்த மாதிரி ஆள்களோடு இருப்பது எவ்வளவு கஷ்டம். நாளைக்குக் குமரகுருவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடவுளே, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் இந்த வீட்டில், எதிரும் புதிருமாக, அந்த இழுப்பை நடுவில் வைத்துக்கொண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். பக்குவமாக. வாடகை வீடு ஒன்று இதே தெருவில் பார்க்கலாம் என்று சொல்லலாம், நல்ல யோசனை மாதிரியே இருக்கும், அவரும் சரி என்பார், ராத்திரி மட்டும் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

முதலில் இந்தப் படம் சரியாகட்டும். அண்ணன் நடந்து வருகிற இடத்தைத் தேட வேண்டும், இப்படி ஓரம் வெட்டுப்பட்டால் அவர் பாதிதான் கிடைப்பார், தலையில்லாத புருஷனையா ஒருத்தியிடம் காட்டுவது. பிக்சருக்குள் மோடு அல்லாமல் இன்னும் கீழே இறங்கினால் அட்வான்ஸ்டு, அதற்கும் கீழே, பார், இங்கே ஒளிந்திருக்கிறது, பிக்சர் சைஸ். ஜூம் என்று இருக்கிறது. குமரகுரு கிரிக்கெட்டுக்காகப் பந்து பெரிதாகத் தெரியட்டும் என்று எப்போதோ வைத்ததாக இருக்கும். அடுத்ததை அழுத்தினாள், கல்யாண வீட்டார் மொத்தமும் ஊதிப்போய் உட்கார்ந்தார்கள். அதற்கடுத்ததில் எல்லோரும் பட்டினி கிடந்து ஒடுங்கிப்போனார்கள். அதற்கடுத்தது ஸ்கிரீன் ஃபிட். அழுத்தியதும் படம் ஒரு மூச்சு இழுத்து உள்ளே வாங்கிக்கொண்ட மாதிரி சுருங்கி நின்றது, நான்கு ஓரத்திலிருந்தும் ஆள்கள் வந்தார்கள். கீழே மேளக்காரரின் முழங்கை. வலப்பக்கம் அட்சதைத் தட்டோடு இவளுடைய சித்தி, அட, சித்தி, எவ்வளவு இளமையாக. இடது ஓரத்தில் பன்னீர்ச் செம்பும் கையுமாகச் சிதம்பரநாதன் அண்ணன், முழுசாக, உச்சந்தலை வகிட்டோடு. மேலே, பச்சைப் புடவைக்கு ஒரு முகம். செண்பகவல்லி படத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி விட்டாள். கெட்டிமேளம் கொட்டுகிறது. நடுவில் இவளும் குமரகுருவும் எதுவும் தெரியாமல் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கை விலகுகிறது. அண்ணி சரட்டை வாங்காமல் நிற்கிறார், நிமிர்ந்து இடது ஓரத்தைப் பார்க்கிறார். அங்கே அண்ணன், எப்போதும் சிரிக்கிற மனுஷர், சிரிக்காமல், மோவாயை மெல்ல அசைக்கிறார். போடு. அண்ணி சரட்டை வாங்குகிறார். ஒரு முடிச்சு. அடுத்த முடிச்சுக்குச் சரட்டைச் சுற்றும்போது கண்ணீர் கன்னத்தில் இறங்குகிறது, இரண்டு கையும் தாலிச் சரட்டில் இருக்கிறது, விடக் கூடாது, விட்டால் அவிழ்ந்துவிடும், அதனால் வலது தோளைத் தூக்கி அதிலேயே கன்னத்தைத் துடைத்துக்கொள்கிறார். தோள் எழும்போது கையும் கூடவே எழுகிறது. மணப்பெண்ணின் தலை வெடுக்கென்று பின்னால் போகிறது. இவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தோள், கை, தலை. தோள், கை, தலை. அவ்வளவுதானா. இதைத்தானா இத்தனை வருஷமும் கழுத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் மனசு உடனே விட்டுக்கொடுக்குமா, எதற்காக அழுதாராம் என்று கேட்டது, தம்பி கைவிட்டுப் போகிறானே என்றும் அழலாமே, என்னைக் கட்டிக்கொள்கிறானே என்றும் அழலாமே. அரைப் பேச்சைக் கேட்டே பழகியவளுக்கு அழுகையும் அரையாகத்தான் புரிகிறது. தெருவில் ஆட்டோ வந்து நின்றது.

குமரகுரு கையில் பையும் முகத்தில் கேள்வியுமாக முன்னால் வந்தார், கேள்வியை இவள் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டாள். அண்ணி மெலிந்திருந்தார். பையிலிருந்து ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அவரு இல்லைன்னாலும் வாங்காம வர மனசு வரல என்றார். காபி கொடுத்து, நாற்காலியைச் சரியாக டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டு, அண்ணன் மண்டப வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டு நடந்து வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து ஓடவிட்டாள். அண்ணி நாற்காலி நுனிக்கு நகர்ந்துகொண்டார். டம்ளர் மடியிலேயே இருந்தது. அண்ணன் யாரோ ஒரு குழந்தையின் தலையில் வேண்டுமென்றே நிறையத் தெளித்துவிட்டுச் சிரித்தபோது மட்டும், இந்த வேலையப் பாரு என்றார் மெதுவாக, அடுத்த அறையில் இருக்கிறவரைச் சொல்கிற மாதிரி. இன்னொரு தரம் போடச் சொன்னார், இன்னொரு தரம். அப்புறம் படம் தானாகவே ஓடிக் கெட்டிமேளத்துக்கு வந்தது, செண்பகவல்லி நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பச்சைப் புடவை நிமிர்ந்து ஓரத்தைப் பார்த்தது, ஓரத்திலிருந்தவர் மோவாயை அசைத்தார், தோள் உயர்ந்தது.

"அழுதீங்களா அண்ணி?" என்று கேட்டாள்.

"ஓமப் புகைதான் ஆத்தா. அந்த ஐயரு பச்சை விறகைப் போட்டுட்டாரு." அண்ணி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது, அட்சதை விழுந்தது, ஓரத்தில் அண்ணன் செம்பை இடுக்கிக்கொண்டு கண்ணைக் கசக்கினார், அவருக்கும் புகை போலிருக்கிறது. பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி இல்லாமல், டிவியிலிருக்கிறவரைப் பார்த்தபடியே அண்ணி சொன்னார்: "விடியக்காலையிலயே பெரியத்தை சொல்லிருச்சு, புள்ள இல்லாதவ முடிச்சுப் போட்டா அந்தப் புள்ளைக்கு ஆகாதுன்னு. நீ நல்லாருக்கணும்லத்தா, நான் போடலன்னுட்டேன். இவருதான் கேக்கல. நம்ம தம்பிக்கு நீ போடாம எவ போடுவான்னு நின்னுட்டாரு. போட்டுட்டேன். ஆனா பயந்தான். நீ புள்ளையப் பெத்து எந்திரிக்கிறவரைக்கும் பயந்தான். அதான் உன் வளைகாப்புக்குக்கூட வரல. தொட்டில்ல போட்டப்பவும் கைய வைக்கல."

குமரகுரு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அவருக்கும் இது புதிது என்று முதுகே சொன்னது. செண்பகவல்லி ரிமோட்டை மேசைமேல் வைத்தாள். அந்தப் பக்கத்துப் பேச்சு இப்போதுதான் வந்து சேர்கிறது, பலகைத் தடுப்பையும் நாயனத்தையும் தாண்டி, இவ்வளவு தாமதமாக, லைன் கொடுத்தவள் வேலையைவிட்டே வந்த பிறகு. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம், எதற்கு என்று அண்ணி கேட்பார், என்னவென்று விளக்குவது, இத்தனை வருஷம் உங்களுக்கே தெரியாமல் உங்கள்மேல் கோபமாக இருந்தேன் என்றா. அதைச் சொல்லி இன்னொரு பாரத்தை அந்த மடியில் வைக்க மனம் வரவில்லை. நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நரைத்த கொண்டையும் மெலிந்த பிடரியும் தெரிந்தன, அங்கே இப்போது ஒன்றும் இல்லை, கழற்றிவிட்டார்கள்.

"அண்ணி, வத்தலக்குண்டுலேர்ந்து துணிமணிய மட்டும் எடுத்துட்டு வாங்க. பாத்திரமெல்லாம் இங்க இருக்கு. ஜன்னலோர ரூமு உங்களுக்கு. அண்ணன் படத்தை அங்கயே மாட்டிக்கலாம்."

ஜன்னலோரம் நின்றவர் திரும்பவில்லை, கம்பியைப் பிடித்திருந்த கை மட்டும் தளர்ந்தது. அண்ணி இரண்டு கையாலும் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு டிவியையே பார்த்தபடி இருந்தவர், மெல்ல வலது தோளைத் தூக்கிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். டம்ளர் ஆடி, ஆறிப்போன காபி கொஞ்சம் புடவையில் சிந்தியது. வீட்டில் புகை எதுவும் இல்லை.